அணையாத அடுப்புக்கு ஒரு பலகை

கீழே எழுதியிருப்பதில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது. பொய்யென்றால் குற்றாலத்துப் பேரருவி வற்றிப் போகட்டும்.

தென்காசிக்காரன் இதற்கு மேல் ஒரு சத்தியம் செய்ய முடியாது. வெளியூரிலிருந்து படிக்கிறவர்களுக்காக இதன் நடைமுறையைச் சொல்லிவிடுகிறேன். மற்ற ஊர்களில் கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்வார்கள். எங்கள் ஊர்ச் சாரலில் கற்பூரம் பற்றவே பற்றாது. பற்றாததை எப்படி அணைப்பது? சில ஊர்களில் பிள்ளையின் தலையில் அடித்துச் சொல்வார்கள். எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு வருஷத்தில் பாதி நாள் சளி. தலையில் அடித்தால் மூக்குதான் ஒழுகும். ஆகவே அருவி. சொல்கிறவன் மேற்கே மலையைப் பார்த்து நின்று, "நான் சொல்லுதது பொய்யின்னா அருவி வத்தட்டும்" என்பான். யாராவது ஒருவர் குற்றாலம் போய்ப் பார்த்துவிட்டு வருவார். தண்ணீர் விழுந்தால் சொன்னது மெய். விழாவிட்டால் பொய். வக்கீல் கிடையாது, வாய்தா கிடையாது.

இதில் ஒரே ஒரு சின்னச் சங்கடம். ஆனி, ஆடி, ஆவணியில் எங்கள் ஊரில் எல்லாருமே அரிச்சந்திரர்கள். மாட்டுத் தரகு, பெண் பார்ப்பது, எல்லைத் தகராறு எல்லாவற்றையும் சீசனிலேயே பேசி முடித்துவிடுவோம். தை பிறந்துவிட்டால் ஒருவரும் வாயைத் திறப்பதில்லை. மாசி மாதத்தில் தென்காசிக்கு வந்து பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டுப் பாருங்கள். "வாறப்ப வரும்" என்பார்களே தவிர, ஒரு மணியைச் சொல்ல மாட்டார்கள்.

அந்தக் காலத்தில் தேரடிச் சந்தியில் எனக்கு ஒரு சோடாக் கடை இருந்தது. கோலி சோடா. கோலியைத் தட்டினால் வாய்க்கால் பாலம் வரைக்கும் சத்தம் கேட்கும். பெரிய கோயில் கோபுரம் அப்போது மொட்டையாக நின்றுகொண்டிருந்தது. அதற்கு என் சோடாதான் காரணம் என்று சிலர் சொல்வதுண்டு. நான் கடை போடுவதற்கு முன்பே அது மொட்டைதான் என்பதை இங்கே தெளிவாகப் பதிவு செய்கிறேன்.

என் கடைக்கு எதிரே, சந்தியின் நட்டநடுவில், ஹைருன் பீவியின் ஆப்பக்கடை. கடை என்றால் மூன்று கல் வைத்த அடுப்பு, ஒரு சட்டி, தலைக்கு மேல் ஒரு ஓலைத் தட்டி. அவளுடைய புருஷன் முகம்மது கனி கைலி மூட்டையோடு ரங்கூனுக்குக் கப்பலேறினவன்; மூட்டை விற்றதற்குத் தகவல் வந்தது, ஆள் வரவில்லை. வீட்டில் மாமியாரும் மூன்று பெண்பிள்ளைகளும். அத்தனை வயிறும் அந்த மூன்று கல்லை நம்பித்தான். அவள் ஆப்பத்தின் ஓரம் எவ்வளவு மெல்லிசு என்றால், கண்ணுக்கு நேரே பிடித்துக்கொண்டு எதிர்ச் சுவரில் ஒட்டியிருக்கும் சினிமா நோட்டீஸைப் படிக்கலாம். நடுப்பாகத்தின் மேல் தலை வைத்து ஒருவர் தூங்கிப் போனதை நானே பார்த்தேன்.

சந்தியின் கீழ்ப்பக்கம் மந்திரமூர்த்தியின் காப்பி கிளப். நல்ல காப்பி. நல்ல மனுஷரும்தான். ஆனால் அவர் கிளப்பில் இட்லி சாப்பிட உட்கார்ந்தவன் மூக்கில் எதிர்க்காற்று ஆப்ப வாசனையைக் கொண்டுவந்து அடிக்கும். அவன் இட்லியைப் பார்ப்பான், ஒரு பெருமூச்சு விடுவான், இலையை மூடுவான். சொந்தக் கடையில் சொந்த இட்லிக்கு அடுத்தவன் பெருமூச்சு விடுவதைக் கேட்டுக்கொண்டு எத்தனை வருஷம்தான் கல்லாவில் உட்கார்ந்திருக்க முடியும்?

செங்கோட்டை திருவிதாங்கூரை விட்டு இந்தப் பக்கம் வந்து சேர்ந்த மறு வருஷம், ரங்கபாஷ்யம் என்று ஓர் ஆபீசர் வந்தார். கும்பகோணத்துப் பக்கம். குற்றாலத்தில் தங்கல். சீசன் கூட்டத்தை ஒரு வாரம் நின்று பார்த்தார். "எண்ணெய் தேச்சுக்கறா, குளிக்கறா, பலாப்பழம் வாங்கறா, போறா. இந்த மண்ணோட வரலாறு ஒருத்தருக்காவது தெரியறதா?" என்று வருத்தப்பட்டார். அதன் விளைவாக ஊர் வரலாற்றுக் கமிட்டி என்று ஒன்று பிறந்தது. தேரடிச் சந்தியைச் சுற்றிப் பலகைகள் நிற்கும். ஒவ்வொரு பலகையிலும் ஓர் ஊரின் வரலாறு. குற்றாலம் போகிறவன் பஸ் மாறுகிற நேரத்தில் படித்துவிட்டுப் போவான். கமிட்டிக்குக் காரியதரிசி வேண்டுமே? ஆபீசருக்குத் தினமும் காப்பி கொடுத்துவந்த மந்திரமூர்த்தியே காரியதரிசி ஆனார்.

எங்கள் ஊரில் எதைப் பங்கு வைத்தாலும் திருவிழா மண்டகப்படி மாதிரிதான் பங்கு வைப்போம். முதல் நாள் இன்னார், இரண்டாம் நாள் இன்னார், யார் யாருக்கு முன்னால் என்கிற சண்டைக்கு ஒரு நாள். பலகைகளும் அப்படியே. கீழப்பாவூர்க்காரர்களுக்குக் கவலையே இல்லை, நரசிம்மர் இருக்கிறார், மூன்று பலகை கேட்டு ஒன்றரைக்கு இறங்கி வந்தார்கள். அச்சன்புதூர்க்காரர்கள், தங்கள் வயலில் ஒரு காலத்தில் நெல் அவ்வளவு உயரம் வளர்ந்ததாகவும், நாற்று நடும்போது உள்ளே போன கோயில் யானை அறுப்பு முடிந்த பிறகுதான் வெளியே வந்ததாகவும் எழுதித் தந்தார்கள். இலத்தூர்க்காரர்கள் வந்து, அந்த யானை எங்களுடையது என்றார்கள். எல்லாம் ஆடி மாதம். எல்லாரும் சத்தியம் செய்தார்கள். அருவி இடியிடித்துக் கொட்டிக்கொண்டிருந்தது. ஆகவே எல்லாம் மெய். பெயிண்டர் பேச்சிமுத்து இரவும் பகலுமாக எழுதினான்.

கடைசியில் மந்திரமூர்த்தி தம் பலகையை எடுத்தார். மற்றப் பலகைகள் வாசற்கதவு அகலம் என்றால் இது மாட்டுவண்டி நீளம். அவருடைய தாத்தாவின் தாத்தா நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் இந்தச் சந்தியில் வழிப்போக்கருக்குத் தண்ணீர்ப் பந்தல் வைத்தாராம். பந்தல் நின்ற அதே இடத்தில்தான் பலகையும் நிற்க வேண்டுமாம். அது எந்த இடம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அவர் நேரே ஆப்பச்சட்டிக்கு முன்னால் வந்து நின்றார். பக்கத்தில் கடப்பாரையோடு ஓர் ஆள்.

"பீவி, நாளைக்கு இங்கன குழி தோண்டுதோம். அடுப்பத் தூக்கிட்டுப் போயி அங்கன வாய்க்காங்கரைப் பக்கம் வச்சுக்கோ."

"வாய்க்காங்கரையில யாரு மொதலாளி ஆப்பம் திங்கா? தவளையா?"

"வரலாறு வருதும்மா. ஒதுங்கணும்லா."

"எங்க மாமியா இங்கன உக்காந்தா. அவ மாமியாளும் இங்கனதான் உக்காந்தா. அப்ப நாங்க என்னது? பூகோளமா?"

கடப்பாரைக்காரன் சிரித்துவிட்டான். மந்திரமூர்த்தி அவனைப் பார்த்த பார்வையில் கடப்பாரை லேசாக வளைந்தது.

அந்த நேரத்துக்குக் குற்றாலம் பஸ் வந்து நின்றது. கண்டக்டர் துல்கர்னைன் இறங்கினான். தண்ணீர் விழுகிறதா இல்லையா என்று பார்த்துவந்து சொல்லும் பொறுப்பு ஊரில் அவனுடையதுதான். "தண்ணி வருது, தண்ணி வருது" என்று அவன் கத்திக்கொண்டே இறங்கினால், காலையில் செய்த சத்தியமெல்லாம் மத்தியானம் மெய்யாகிவிடும். கமிட்டியின் உத்தரவு அச்சடித்துத் தேர்முட்டிச் சுவரில் ஒட்டியிருந்தது. ஹைருன் பீவி அவனைக் கூப்பிட்டாள்.

"ஏலே துல்கர்னைனு, அதுல என்ன போட்டிருக்குன்னு சத்தமா வாசி."

அவன் டிக்கெட் கிழிக்கிற வேகத்தில் வாசித்தான். கடைசிக்கு முந்தின வரி இது: சந்தியில் நூறு ஆண்டுகளுக்கு மேலாக ஒரே இடத்தில் இருந்துவரும் எதையும் அகற்றக் கூடாது; அதற்கும் ஒரு பலகை வைக்க வேண்டும்.

ஆபீசர் அதை எழுதும்போது அரசமரத்தையும் சுமைதாங்கிக் கல்லையும் நினைத்திருப்பார். ஆனால் "எதையும்" என்றுதான் எழுதியிருந்தார்.

"எதையுமா?" என்று கேட்டாள் ஹைருன் பீவி.

"எதையும்னுதான் இருக்கு."

அவள் அடுப்புக்கு ஒரு விறகைத் தள்ளினாள். சேலை முந்தியை இழுத்துச் செருகினாள். "அப்ப மொதலாளி, எங்க அடுப்புக்கும் ஒரு பலகை எழுதச் சொல்லுங்க. பெருசா வேண்டாம். படிக்கத் தெரிஞ்சவன் நின்னு படிச்சுட்டு ரெண்டு ஆப்பம் வாங்குத அளவுக்கு இருந்தாப் போதும்."

மறுநாள் ஆபீசர் வந்தபோது அவள் வழிமறித்தாள். இந்த அடுப்பு நூறு வருஷத்துக்கு மேலாக அணையவே இல்லை என்றாள். ஆபீசர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஆதாரம்?"

"சத்தியம் பண்ணுதேன் சார். அருவி மேல."

நான்தான் ஆபீசருக்கு அந்த வழக்கத்தை விளக்கிச் சொன்னேன். அவர் சிலிர்த்துப் போனார். "இயற்கையையே சாட்சியா கூப்பிடறேளா? இதுவே ஒரு வரலாறு ஆச்சே! நாளைக்கே வச்சுண்டுடலாம்" என்றார். அப்போது ஆடி. அருவியில் விழுகிற தண்ணீர் போதாதென்று பஸ்ஸிலேயே முழங்கால் அளவு தண்ணீர் வந்துகொண்டிருந்தது. நாளைக்கே வைத்தால் அடுப்பு ஜெயித்துவிடும் என்று மந்திரமூர்த்திக்குத் தெரியாதா?

"ஆடியில நல்ல காரியம் வைக்கக் கூடாதுங்களே" என்றார், காப்பியை நீட்டிக்கொண்டே.

ஆவணியில் கமிட்டிக்காரர்களுக்கெல்லாம் கல்யாண வேலை. புரட்டாசியில் ஆபீசருக்கு வயிற்றுக்கோளாறு. அது காப்பியாலா என்று நான் விசாரிக்கவில்லை. ஐப்பசியில் மழை, சாட்சிகள் நனைவார்கள். கார்த்திகையில் மெம்பர்களில் பாதிப் பேர் மலைக்கு மாலை போட்டிருந்தார்கள், விசாரணையில் பொய் பேச முடியாது. மார்கழியில் பனி. தையில் அறுப்பு. மாசியில் குலதெய்வம். கடைசியாக, "பங்குனியில வச்சுக்கிடுவோம் சார், அப்பதான் எல்லாருக்கும் ஓய்வு" என்று முடிந்தது. பங்குனியில் பேரருவிப் பாறையில் வடகம் காயப்போடலாம். இது ஆபீசருக்கு மட்டும்தான் தெரியாது.

இடையில் மந்திரமூர்த்தி இன்னொரு நிபந்தனையும் போடவைத்தார். அணையாத அடுப்பு என்று சொல்கிறபடியால், விசாரணை நாள்வரைக்கும் அது ஒரு தரமாவது அணைந்ததைப் பார்த்தால் கேஸ் தள்ளுபடி. இடம் பலகைக்கு.

அன்றிலிருந்து அவள் அந்த இடத்தை விட்டு அசையவில்லை. வீட்டு வேலையைப் பெண்பிள்ளைகள் பார்த்துக்கொண்டார்கள். மாமியார் ஜாஹிரா பீவி மத்தியானம் வந்து அடுப்பைப் பார்த்துக்கொள்ள, இவள் அங்கேயே கண்ணயர்வாள். மந்திரமூர்த்தியின் கிளப்புக்குத் திடீரென்று சுத்தத்தில் அக்கறை வந்துவிட்டது. தினமும் வாசலை அண்டா அண்டாவாக ஊற்றிக் கழுவினார்கள். வாசல் தண்ணீர் ஆற்றைப்போல அடுப்பைப் பார்த்து வரும். அவள் செம்மண்ணைக் குழைத்து ஒரு வரப்புக் கட்டினாள். வரப்பு நாளுக்கு நாள் உயர்ந்தது. பாபநாசம் அணைப் பக்கமிருந்து இரண்டு எஞ்சினீயர்கள் வந்து அதை அளந்துகொண்டு போனார்கள்.

ஐப்பசி அடைமழையில் ஓலைத் தட்டி பறந்துபோயிற்று. அவளிடம் இருந்தது ஒரே குடை. குடை அடுப்புக்கு, மழை அவளுக்கு. நான் கடைக்குள்ளிருந்து கூப்பிட்டேன்.

"ஏம் பீவி, காய்ச்சல் கீச்சல் வந்துறப் போவுது. கொஞ்ச நேரம் இங்கன வந்து நில்லுங்க."

"காய்ச்சல் வந்தா ஒடம்பு சூடாத்தான இருக்கும் அண்ணாச்சி? அடுப்புக்கு நல்லது."

பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். குளிரில் பல் தந்தியடித்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டு அடுத்த தெருவில் தறி ஓட்டிக்கொண்டிருந்தவர்கள் யாரோ தங்களைவிட வேகமாக நெய்கிறார்கள் என்று பயந்துபோய் எட்டிப் பார்த்தார்கள்.

மாசி முடியும்போது நான் அவளிடம் நேரடியாகவே கேட்டுவிட்டேன். "பங்குனியில அருவி வத்திக் கெடக்கும். நீங்க 'பொய்யின்னா வத்தட்டும்'னு வாயத் தொறந்த நிமிஷமே தோத்துருவீக. தெரியும்லா?"

"தெரியும்."

"தெரிஞ்சும் என்ன பண்ணப் போறீக?"

"ஆப்பம் சுடப் போறேன். திருப்பிப் போடுத சோலியே கெடையாதுல்லா ஆப்பத்துக்கு. தோசைக்குத்தான அது." கொஞ்ச நேரம் மாவைக் கலக்கிக்கொண்டிருந்தாள். பிறகு, "ஏன் அண்ணாச்சி, அந்தச் சத்தியத்த யாரு எழுதுனது?" என்று கேட்டாள்.

"யாரும் எழுதல. வாய்வழக்குதான்."

"எழுதவே இல்லையா?"

"இல்ல."

"சரி" என்றாள். அடுத்த ஆப்பத்தை ஊற்றினாள். அது இதய வடிவில் வந்தது என்றெல்லாம் நான் கதை விடமாட்டேன். வட்டமாகத்தான் வந்தது.

விசாரணை நாள். பங்குனி வெயில். சந்தியில் நிற்கிற ஆளின் நிழலே ஒதுங்க நிழல் தேடியது. நான் ஐஸ் போட்ட தொட்டியில் சோடாவை அடுக்கியிருந்தேன். ஆபீசர் கிளப் நாற்காலியில் உட்கார்ந்தார். பக்கத்தில் எழுதிக்கொள்ள ஒரு குமாஸ்தா. சுற்றிலும் நெசவுக்காரர்கள், நெல்லுக்காரர்கள், கடைக்காரர்கள், இலத்தூர் யானைக்காரர்கள்.

ஆபீசர் தொண்டையைச் செருமினார். "அடுப்புக்குப் பாத்தியதை கேக்கறவா ஒருத்தர். அதே இடத்துல தண்ணீர்ப் பந்தல் இருந்ததா சொல்றவா ஒருத்தர். நியாயம்னா ரெண்டு பேரும் சத்தியம் பண்ணணும்."

மந்திரமூர்த்தியின் முகம் வெளுத்தது. எட்டு மாதம் மாதத்தை மாதத்தின் மேல் தள்ளிக் கொண்டுவந்து அவர் வெட்டிய குழி ஹைருன் பீவிக்கு. அதே குழிக்குள் தாமும் இறங்க வேண்டும் என்பது அந்த நிமிஷம்தான் அவருக்கு உறைத்தது.

"மொதல்ல அவுக சொல்லட்டும்" என்றார்.

ஹைருன் பீவி எழுந்து நின்றாள். கையில் ஆப்பக் கரண்டி.

"ஏம்மா, இந்த நெருப்பு நூறு வருஷமா அணையலைன்னு எப்படிச் சொல்றே?"

"சொல்லுதேன் சார். வெள்ளைக்காரத் துரைமாரு குத்தாலத்துல வந்து தங்குவாக. சாரல் நாப்பது நாளு விடாது. தீப்பெட்டி நமுத்துரும். சமையக்கட்டு நெருப்பு செத்துரும். துரைக்குச் சுருட்டுப் பத்த வைக்கணும். செங்கோட்டைக்கும் தென்காசிக்கும் நடுவுல காஞ்ச நெருப்பு இந்த அடுப்புல மட்டுந்தான் இருந்துச்சு."

"சரி."

"துரை ஒரு ஆளக் குதிரையில அனுப்புவாரு. அவன் வாயில சுருட்ட வச்சுக்கிட்டு வருவான். இங்கன பத்த வைப்பான். அணையாம இருக்கணுமே, அதுக்காவ இழுத்துக்கிட்டே போவான். குத்தாலம் போய்ச் சேருததுக்குள்ள சுருட்டு தீந்துரும்."

"அப்பறம்?"

"மறுபடி திரும்பி வருவான். வேற சுருட்டு. அந்தக் குதிர இப்படி வந்து வந்து போயித்தான் சார் குத்தாலம் ரோடே விழுந்துச்சு."

ஆபீசர் குமாஸ்தாவைப் பார்த்து, "ரோடு பிறந்த வரலாறு, தனியா எழுதிக்கோ" என்றார்.

"கடைசி வரைக்கும் துரை சுருட்டுக் குடிச்சாரா?" என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார்.

"எங்க குடிச்சாரு? அந்த ஏக்கத்துலதான் நாட்ட விட்டே போனாரு."

கூட்டம் கை தட்டியது. ஆபீசர் கையை உயர்த்தினார். "இப்ப சத்தியம். அம்மா, நீங்க உங்க அல்லா பேரைச் சொல்லிப் பண்ணினாலும் எனக்குச் சம்மதம்."

ஹைருன் பீவி காதைத் தொட்டுக்கொண்டாள். "ஒரு அடுப்புக்காவ அல்லா பேர இழுக்கவா? அது பெரிய வார்த்த சார். நம்ம ஊரு வழக்கத்துக்கு நம்ம ஊரு அருவி போதும்."

மேற்கே திரும்பினாள். மலை வெயிலில் தகதகவென்று நின்றது. மந்திரமூர்த்தி இரண்டு அடி முன்னால் வந்து நின்றார், அந்த ஒரு வாக்கியத்தைக் கேட்பதற்காக. சந்தியில் ஈ பறக்கிற சத்தம் கேட்டது. ஈயும் நின்றது.

"நான் சொன்னது மெய்யின்னா," என்றாள் ஹைருன் பீவி, நன்றாக நிறுத்தி, "அருவி வத்தட்டும்!"

யாருக்கும் ஒரு நிமிஷம் விளங்கவில்லை. பிறகு நெசவுக்காரர்கள் பக்கமிருந்து ஒரு சிரிப்புக் கிளம்பி, நெல்லுக்காரர்கள் வழியாக இலத்தூர்க்காரர்கள் வரைக்கும் போயிற்று.

"ஏய், ஏய்! அது இல்ல வழக்கம்!" மந்திரமூர்த்தி கத்தினார். "பொய்யின்னாதான் வத்தணும்! மெய்யின்னா எப்படி வத்தும்? சார், தலகீழாச் சொல்லுதா சார்! இப்படி ஊருல எவனும் சொன்னதில்ல!"

ஆபீசர் நிதானமாகக் கேட்டார். "இன்ன மாதிரிதான் சொல்லணும்னு எங்கேயாவது எழுதியிருக்கா?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். வழக்கத்தை விளக்கியவன் நான்தானே. "எழுதல சார். வாய்வழக்குதான்" என்றேன்.

"அப்போ அவா வாய், அவா வழக்கு. எழுதிக்கோ. பரீட்சை பண்ணிப் பார்த்துடலாம்."

துல்கர்னைனின் பஸ் புறப்பட்டுப் போயிற்று. யாரும் கலையவில்லை. ஹைருன் பீவி மட்டும் உட்கார்ந்து அடுப்பை ஊதினாள். இரண்டு ஊதலுக்கு ஒரு தரம் மலையுச்சியில் மேகம் உண்டா என்று கண்ணை ஓட்டினாள். அதை நான் மட்டும் பார்த்தேன். அவள் வாதம் எவ்வளவு கெட்டியானாலும், ஒரு கோடை மழை மலைமேல் பெய்திருந்தால் போதும், மூன்று கல்லும் போயிற்று. ஊர் வரலாற்றிலேயே முதல் தடவையாகத் தென்காசியில் ஒரு பெண்பிள்ளை அருவியில் தண்ணீர் விழக் கூடாதென்று வேண்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பஸ் திரும்பி வந்தது. துல்கர்னைன் படியில் தொங்கிக்கொண்டே வந்தான். வாயைத் திறந்தான். சீசன் முழுக்கச் சொல்லிப் பழகின வாய்; "தண்ணி வரு..." என்று ஆரம்பித்துவிட்டான். எனக்கு உயிரே போயிற்று. நல்ல வேளை, நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"வரல! சொட்டு இல்ல! கொரங்கெல்லாம் ஓடையில ஊத்துத் தோண்டுது!"

சந்தியே அதிர்ந்தது. ஆபீசர் எழுந்து நின்று, அடுப்பைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார். "மெய்யென நிரூபணம்" என்று சொல்லி எழுதச் செய்தார். பிறகு மந்திரமூர்த்தி பக்கம் திரும்பினார்.

"இப்ப நீங்க. நீங்கதான் வழக்கம் தவறக் கூடாதுன்னேள். அந்தப்படியே சொல்லுங்கோ."

பாவம் மனுஷன். ஊரே கேட்கத் தலைகீழ்ச் சத்தியம் செல்லாது என்று இப்போதுதான் கத்தியிருந்தார். நேர்ச் சத்தியம் சொன்னால் தாத்தாவின் தாத்தா பொய்யராகிவிடுவார். மலையைப் பார்த்தார். வாயைத் திறந்தார். மூடினார்.

"தொண்ட கட்டிருக்கு" என்றார்.

நான் ஓடிப்போய் ஒரு சோடாவை உடைத்துக் கொடுத்தேன். ஒரே மூச்சில் குடித்தார். பிறகு ஒரு ஏப்பம் விட்டார். அவர் தரப்பில் அன்றைக்கு வந்த ஒரே வாக்குமூலம் அதுதான். குமாஸ்தா அதையும் எழுதிக்கொண்டார்.

அந்த வாரமே பேச்சிமுத்து பலகை எழுதினான். "அணையாத அடுப்பு. நூறு ஆண்டுகளுக்கு மேலாக இவ்விடம் எரிந்துவரும் நெருப்பு. குற்றாலம் சாலை பிறந்தது இதனால்." கீழே சிவப்பு மையில், மற்றப் பலகைகளில் இருந்த அதே வரி: "வரலாற்றுச் சின்னம். யாரும் தொடக் கூடாது." நாலு பக்கமும் இரும்பு வேலி வந்தது. வேலிக்குப் பூட்டு வந்தது. சாவி ஆபீசரிடம்.

ஹைருன் பீவி மாவுப் பானையோடு வந்து வேலிக்கு வெளியே நின்றாள். உள்ளே அவளுடைய மூன்று கல். கைக்கு எட்டாத தூரத்தில், ஜெயித்த அடுப்பு. மந்திரமூர்த்தி கிளப் வாசலில் நின்று இதைப் பார்த்தார். நாலைந்து நாளாக விட்டுப்போயிருந்த சிரிப்பு மெல்ல அவர் மீசைக்குக் கீழே திரும்பி வந்தது.

"என்ன பீவி, வரலாறு வந்துட்டா?"

அவள் பானையைக் கீழே வைத்தாள். ஆற்றுப் பக்கம் போனாள். மூன்று கல்லோடு வந்தாள். வேலியை ஒட்டி, கம்பி மேல் படுகிற மாதிரி அவற்றை வைத்தாள். நீளமான விறகு ஒன்றைக் கம்பி இடுக்கு வழியாக விட்டு உள்ளே இருந்த நெருப்பைப் பிடித்து வெளியே இழுத்தாள். சட்டியை ஏற்றினாள். அவளுடைய முதல் ஆப்பம் வேகும்போது ஆபீசரே வந்துவிட்டார்.

"என்னம்மா இது? இதுவும் நூறு வருஷமா?"

"இல்ல சார். அது வரலாறு. இது இப்பத்தான் வருது."

ஆபீசர் உத்தரவை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தார். பழையதை அகற்றக் கூடாது என்று இருந்ததே தவிர, புதியதை வைக்கக் கூடாது என்று அதில் இல்லை. அவர் வேலியில் சாய்ந்து நின்று மூன்று ஆப்பம் சாப்பிட்டார். அன்று முதல் சந்தியில் இறங்குகிறவன் முதலில் பலகையைப் படிப்பான், அப்புறம் பக்கத்து அடுப்பில் சாப்பிடுவான். பழைய நெருப்பில் புதிய ஆப்பம். உள்ளே இருக்கிற நெருப்பு அணையாமல் கம்பி வழியாக விறகு தள்ளுகிற வேலையும் அவளுடையதுதான் என்று ஆபீசரே எழுதிக் கொடுத்தார். ஆக, முன்பு ஒரு அடுப்பு வைக்கும் இடத்துக்கு மல்லுக்கட்டியவளுக்கு இப்போது இரண்டு. மந்திரமூர்த்தியின் பலகை கிளப்புக்குள்ளேயே, கை கழுவும் இடத்துக்கு மேலே மாட்டப்பட்டது. தண்ணீர்ப் பந்தலுக்கு அது பொருத்தமான இடம்தான். காற்று மட்டும் திசை மாறவில்லை. சில நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, அவரும் காலையில் இரண்டு ஆப்பம் வாங்கிவரச் சொல்லி ஆள் அனுப்ப ஆரம்பித்தார்.

நடந்தது இவ்வளவுதான். பார்த்ததைப் பார்த்தபடி, கேட்டதைக் கேட்டபடி எழுதியிருக்கிறேன். சத்தியத்தை முதல் வரியிலேயே செய்துவிட்டேன். நேராகவே செய்தேன், வழக்கப்படி. வேண்டுமானால் திரும்பப் போய்ப் படித்துப் பாருங்கள்.

நேற்று சாயங்காலம் குற்றாலம் போயிருந்தேன். பேரருவியில் சொட்டுத் தண்ணீர் இல்லை.